இரண்டு குதிரை

ஜோகூரிலிருந்து கார்கோவில் காரைக்குடிக்கு வந்தது,
போர்வை சுற்றி, மைலோ டப்பாக்களுக்கு நடுவில்.
"ரெண்டு குதிரைச் சக்தி" என்றார் போனில்.
கண்மாய்க் கரையில் அய்யனாருக்கு ஏழு நிற்கின்றன,
ஒன்றுக்கும் பெட்ரோல் கேட்பதில்லை என்றேன்.
சிரித்தார்.
சிரிப்பு இரண்டு விநாடி தாமதமாக வந்து சேர்ந்தது.

மீன்பாசிக் குத்தகை இந்த வருஷம் என் பெயரில்.
வள்ளம் தொண்டியில் வாங்கிய பழைய பைபர்,
இரண்டு முனையும் கூர்.
வாலில் மோட்டார் மாட்ட இடமில்லை.
புதுவயல் பட்டறை இபுராம்சா
இடப்பக்கம் ஒரு பலகையை நீட்டி வெல்டிங் வைத்தார்.
"புட்போர்டில தொங்குற ஆள் மாதிரி இருக்கும்,
விழாது" என்றார்.

லிட்டருக்கு இருபது மில்லி ஆயில்.
இருமல் மருந்து மூடியால் இரண்டு மூடி.
வீடியோவில் அவர் முகம்,
பின்னால் ஏதோ கட்டடம் பாதி எழுந்து நிற்கிறது.
"சோக்கைப் பிடி. கயித்தை மெதுவா இழுத்துப் பாரு,
இறுக்கம் தட்டுதா, அப்ப சடார்னு…"
நான் இழுத்து முடித்து
கயிறு உள்ளே போய்ச் சுருண்ட பிறகு
"இழு" என்று கேட்டது.

ஏழாவது இழுப்பில் இருமியது.
ஒன்பதாவதில் பிடித்துக்கொண்டது.
தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களிலிருந்து
கொக்கும் மடையானும் நத்தைகுத்தியும்
உதறிய வேட்டிபோல ஒன்றாக எழுந்தன.
மடையில் குளித்தவர்கள் சோப்போடு நின்றார்கள்.

வள்ளம் போனது.
நேராக இல்லை.
வலப்பக்கம் வளைந்து, இன்னும் வளைந்து,
புறப்பட்ட படிக்கல்லைத் தாண்டி
மறுபடியும் அதே வளைவில் விழுந்தது.
கரையில் பையன்கள் எண்ணினார்கள்,
மூன்றாவது சுற்றில் ஒருவன் கத்தினான்:
"அக்கா, யாருக்கு வேண்டுதல்?"

கைப்பிடியைத் திருப்பு என்றார், திருப்பினேன்.
முன்னால் கனம் வை என்றார்.
இடிந்த சுவரிலிருந்து இரண்டு செம்புறாங்கல்
மூக்கில் ஏற்றினோம். மூக்கு தணிந்தது.
வட்டம் கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான்.

பூமயில் போனைப் பார்க்கவே இல்லை.
வலை இழுத்துக் காய்த்த கையால் துடுப்பை எடுத்தாள்,
வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்,
ஒன்று போட்டாள்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
வள்ளம் கலுங்கைப் பார்த்து நிமிர்ந்தது.

கண்மாய் நடுவில் சிக்னல் கிடையாது.
அவர் வாய் ஏதோ ஒரு எழுத்தில் திறந்தபடி நின்றுவிட்டது.
'ஆ'வாக இருக்கலாம். 'இடது'வின் 'இ'யாகவும் இருக்கலாம்.
போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

அக்கரைக்கு நான்கு நிமிஷம்.
துடுப்பு மட்டும் என்றால் இருபது.
மிச்சப்பட்ட பதினாறு நிமிஷமும்
சத்தம் எப்போது அடங்கும் என்று மீன்கள் கீழே காத்திருந்தன,
மீன்கள் எப்போது நகரும் என்று நாங்கள் மேலே.
பூமயில் வெற்றிலை மடித்தாள். எனக்கும் ஒன்று தந்தாள்.

திரும்பும்போது வேலம்பாசி சுற்றி மோட்டார் அலறி நின்றது.
தூக்கிப் பார்த்தால், விசிறிக்குப் பின்னே
சிறுவிரல் பருமன்கூட இல்லாத ஊசி ஒன்று முறிந்திருந்தது.
முறிவதற்கென்றே வைத்த ஊசியாம்,
பெரியது ஒன்றும் உடையாமல் இருக்க.
இபுராம்சா பிறகு சொன்னார்.
அன்றைக்குப் பூமயில்தான் கரை சேர்த்தாள்,
இரண்டு குதிரையையும் என்னையும்
பதினோரு கிலோ கட்லாவையும்.

ராத்திரி கேட்டார்: "நேராப் போச்சா?"
"போச்சு."
இரண்டு விநாடி.
"நான் சொல்லல, கல்லை வச்சா சரியாயிடும்னு."

அன்றைய கணக்கை எழுதினேன்.
பெட்ரோல் நூற்றுப் பத்து. ஊசி பதினைந்து.
பூமயில் கூலியில் நூறு கூட்டிவைத்தேன்.
எந்தத் தலைப்பில் என்று பேனா கொஞ்ச நேரம் நின்றது.
'மோட்டார் செலவு' என்று எழுதினேன்.