மூன்றில் ஒரு பங்கு

சங்க விதி பதினான்கு:
தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு
தின்னக்கூடியதாய் இருக்கவேண்டும்.

யூலை மாதம்,
வூப்பர்ட்டால் சரக்கு ரயில் பாதைக்குப் பின்புறம்,
க்ராவிங்கல் அளவுநாடாவோடு வந்தார்.
போஞ்சியை அளந்தார், பீட்ரூட்டை அளந்தார்.
வேலியோரம் என் தோளுயரம் நின்ற
மஞ்சள் பூக்களிடம் வந்ததும்
பேனையை மூடினார்.
"இது களை."

"மரக்கறி" என்றேன்.
வாய் முந்திவிட்டது.

விதைத்தவள் நானில்லை.
ரயில் கொண்டுவந்திருக்கும், அல்லது காற்று.
இரவுமெழுகுதிரி என்று இங்கே பெயர்.
ஒன்பதே காலுக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது
ஒரு மொட்டு நடுங்கும்,
நான் சைக்கிள் பூட்டைத் திறப்பதற்குள்
விரிந்து முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், ஒன்பது வருடம்.
விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.
மருந்துக்கடைக்காரி தந்த எண்ணெய்ப் போத்தலில்
ஒட்டியிருந்த படம்
என் வேலியோரம்!
கடுகை விடச் சின்ன விதையில் அவ்வளவு எண்ணெயாம்.
பூசினேன். குணமானதா?
கொஞ்சம்.
அந்த மாதம் கையுறையையும் மாற்றினார்கள்,
அதனாலும் இருக்கலாம்.

"நிரூபியுங்கள்" என்றார் க்ராவிங்கல்.
"ஒக்டோபரில் வாருங்கள்."

பூக்காத வருடத்துக் கிழங்குதான் கிழங்கு.
பூத்துவிட்டால் நார்.
மண்ணோடு தட்டையாய் ஒட்டிக்கிடந்த
பதினைந்து கன்றில்
பதினொன்றைக் கிண்டினேன்.
அடுத்த யூலையின் பதினொரு மாலைகளை
சுரண்டிக் கழுவி அவித்தேன்.
வேகவேக இளஞ்சிவப்பு.
பன்றித்தொடை நிறம் என்று
அந்தக் காலத்தவர் அப்படியே பெயரும் வைத்துவிட்டார்கள்.
ஒரு றாத்தல் கிழங்கில்
நூறு றாத்தல் மாட்டிறைச்சியின் பலம் என்பார்களாம்.
அதற்கு எந்த நாடா?

தேங்காய்ப்பால், மஞ்சள், வெந்தயம் நாலு,
கடைசியில் தேசிக்காய்.

நின்றபடி ஒரு கரண்டி.
மூன்றாவதுக்கு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.
"மிளகா?"
"இல்லை. தொண்டையில் கடிப்பது அதன் குணம்."
பாண் கேட்டார். கோப்பையை வழித்தார்.
எழுதினார்: காய்கறி, 2.4 சதுர மீற்றர்.

பிறகுதான் யோசித்தார் போல.
"தின்றால் பூ இல்லை.
பூத்தால் காய்கறி இல்லை.
மிச்சம் நாலையும் எதில் சேர்ப்பது?"

பருவம் தப்பிய பூ ஒன்று
பழைய தண்டில் வாடாமல் நின்றது.
பிய்த்துக் கொடுத்தேன்.
மென்றார். நெடுநேரம் மென்றார்.
"வழுவழுப்பு" என்றார், புகாராக அல்ல.
2.4-ஐ வெட்டிவிட்டு
3 என்று எழுதினார்.