நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

டென்மார்க்கிலிருந்து வந்தவர்
பதினோரு நாள் எங்கள் வீட்டில் தங்கினார்.
நிறையக் குடித்தார், நிறையக் கேட்டார்,
கோழிக் குழம்புக்கு வால்நட் அரைக்கும் சத்தத்தைக்கூடக்
குறித்துக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்துத் தபாலில் வந்தது புத்தகம்.
தூக்கினால் பிறந்த ஆட்டுக்குட்டியின் கனம்.
அட்டையில் அலசானிப் பள்ளத்தாக்கு,
நாங்கள் பார்த்தே இராத நீலத்தில்.

எண்ணெய் பட்டுவிடாமல் சமையல் மேசையில்
செய்தித்தாள் விரித்து
அண்ணன்கள் புரட்டினார்கள்.
எங்கள் அத்தியாயத்துக்கு 'சகோதரர்களின் மது' என்று பேர்.
முப்பத்தொரு பக்கம்.

ஸாலின் மூக்கைப் பற்றி ஒரு முழுப் பத்தி.
கொடியின் வயதை வாசனையில் சொல்லிவிடுவானாம்.
அவனுக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஜலதோஷம்.
ஒதாரின் மௌனத்துக்கு ஒன்றரைப் பக்கம்.
தத்துவம் என்கிறார்.
சீட்டில் டிராக்டர் சக்கரத்தைத் தோற்ற வாரம் அது.
நாய் பொம்போரா இருக்கிறது,
பேரோடும் குணத்தோடும்.

என்னை நூற்றுப் பன்னிரண்டில் கண்டுபிடித்தேன்.
தரையோடு தரையாகத் தாழியின் வாய்.
இருபுறமும் அண்ணன்கள் குந்தியிருக்கிறார்கள்.
நடுவே, குழிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது
செர்ரிப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய தேய்ப்பான்,
அதைப் பிடித்தபடி நான்கு விரல்.
படத்தின் கீழே ஒரு வரி:
மரபான துப்புரவுக் கருவி.

அந்த நான்கு விரலும் நான்தான்.

அந்த வாயில் நுழைகிற தோள்
எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான்.
பன்னிரண்டு வயதில் இறங்கினேன்,
இரண்டு பிள்ளை பெற்ற பிறகும்
மூச்சை வயிற்றுக்குள் இழுத்து இறங்குகிறேன்.
போன வருடத்துச் சபெராவி
சுவரில் ஊதாவாய்க் காய்ந்திருக்கும்.
அதைத் தேய்த்தெடுக்காமல்
இந்த வருடம் என்று ஒன்று கிடையாது.

உள்ளே இறங்குகிறவர் பாடவேண்டும்.
அழகுக்காக இல்லை.
நொதித்த பழம் விட்ட மூச்சு
கண்ணுக்குத் தெரியாமல் அடியில் தேங்கிக் கிடக்கும்.
பாட்டு நின்றால் ஆள் விழுந்தாயிற்று,
கயிற்றை இழு.

அவர் எழுதுகிறார்:
இவர்களின் நிலவறையில் எங்கிருந்தோ
ஒரு தொன்மையான பாடல் கசிந்தபடியே இருக்கிறது,
மண்ணே பாடுவதுபோல.

மண் பாடவில்லை ஐயா.
மண்ணுக்குத் தலை சுற்றாது.

நான் சண்டை போடவில்லை.
விருந்தாளிகள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள்.
அண்ணன்கள் கையெழுத்திட்டார்கள்.
நான் ரொட்டி வைத்தேன், பாலாடைக்கட்டி வைத்தேன்.
ஒசாகாவிலிருந்து வந்த ஒருவர்
நாயிடம் கையெழுத்து கேட்டார்.
அதன் பாதத்தை மையில் தோய்த்து வைத்தவளும் நானே.

இந்தச் செப்டம்பரில், ஏழாம் தாழி.
முதலில் மெழுகுவர்த்தியை இறக்கினேன்,
அணையவில்லை.
தேய்த்தேன், பாடினேன்,
மூன்றாம் அடியில் நிறுத்தினேன்.

ஏனென்று இன்னும் சொல்லத் தெரியவில்லை.

மேலே லேபிளின் விலை பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.
பிறகு பேச்சு இல்லை.
ஏதோ கண்ணாடி உடைந்தது.
வட்ட வெளிச்சத்தை ஒரு தலை வந்து மூடியது.

"பிக்ரியா!"

தாழிக்குள் விழுந்த சொல்
ஒருமுறையோடு போகாது.
சுவர் வாங்கி எதிர்ச்சுவருக்குத் தரும்.
முப்பத்தொரு பக்கத்தில்
ஓரத்துக்குறிப்பிலும் இடம் கிடைக்காத பேர்
என் கழுத்தைச் சுற்றியது, காதைச் சுற்றியது,
ஈரத்தில் மோதி மறுபடியும் வந்தது,
ஸாலின் குரல் ஓய்ந்த பிறகும்.

இடுப்பில் கயிறு இறுகியது.
இழுப்பது ஒதார்.
தத்துவம் மூக்கை உறிஞ்சுவது கீழே கேட்டது.

"இருக்கேன்" என்றேன்.
"பாடித் தொலையேன், சனியனே" என்றான் ஸால்.

நான்காம் அடியிலிருந்து எடுத்தேன்,
உடனே இல்லை.