எரிமேடை எழுத்தர்

குடிநீர் வரிப் பிரிவிலிருந்து
என்னை இங்கே மாற்றிய நாளில்
"பொம்பளைய சுடுகாட்டுக்கா?" என்று வருத்தப்பட்டார் மேலாளர்,
கையெழுத்தைப் போட்டபடியே.

பாலாற்றங்கரையில் மாநகராட்சி எரிவாயு மேடை.
தகரக் கூரை, ஒற்றைப் புகைபோக்கி,
ஆடும் மேசைக் காலுக்கு அடியில்
மடித்துச் செருகிய தேர்தல் நோட்டீஸ்.
பதிவேட்டில் பதினொரு கட்டம்.
இறந்த இடம் என்ற கட்டத்தில்
பெரும்பாலும் ஒரே பதில்தான்: ஆஸ்பத்திரி.
எங்கெங்கிருந்தோ ரயிலேறி
பிழைக்க வந்த ஊரில்
பிழைக்காமல் போனவர்கள்.

பத்து நாளில்
சோற்று டப்பாவை மேசைமேல் வைக்கப் பழகிவிட்டது.
தயிர்சாதம் மட்டும் இன்றுவரை இறங்கவில்லை,
ஏனென்று தெரியாது.

எனக்கு ஒடுகத்தூர் பக்கம்.
எங்கள் தெருப் பிணம் போகும் வழி
இன்னொருவர் கரும்புக்குள் போகிறது.
சித்தப்பா செத்த அன்று
தாசில்தார் வரும்வரை
ஐஸ் பெட்டி நடுரோட்டில் கிடந்தது.
ஜெனரேட்டருக்கு மூன்றுமுறை டீசல் வாங்கி ஓடினேன்,
கல்லூரிப் பையோடு.

அதனால்தான்,
வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் மேசைமேல் குனிந்து
"எங்களுக்கு முன்ன உள்ள போனது இன்னா ஆளுங்க?"
என்று கேட்டபோது
பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன்.
"அந்தக் கட்டம் அச்சடிக்கலீங்க."
உலையைக் கழுவச் சொல்லி
நூறு ரூபாய் நீட்டினார்.
"நெருப்பை எந்தத் தண்ணியில கழுவுறது சார்?"
என்றான் ஏசுபாதம்.
ஆனாலும் நூறை வாங்கிக்கொண்டான்.

புரட்டாசி மழை ஏமாற்றிய ஒரு மத்தியானம்
வங்காளத்திலிருந்து வந்தவர், நிர்மல் மண்டல்.
மனைவியின் கோப்பு அக்குளில்,
மாத்திரை வாசனையோடு.
கூட வந்தது லாட்ஜ் பையன் இம்தியாஸ் மட்டும்.
ஷெஃபாலி என்று சொன்னார்.
செபாலி என்று எழுதிவிட்டு
அடித்து, மறுபடி எழுதினேன்.
தனக்குத் தெரியாத எழுத்தை
விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

தூக்க நாலு தோள் வேண்டும்.
அவர், இம்தியாஸ், ஏசுபாதம்.
ஆட்டோக்காரர் வாடகை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.
நான் புடவையைச் செருகிக்கொண்டு எழுந்தேன்.
அவ்வளவு லேசாக இருப்பாள் என்று
எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

சாம்பல் சட்டியைக் கையில் வாங்கியதும்
அவர் கேட்டதில்
எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்.
"நொதி?"

கையை நீட்டிக் காட்டினேன்.
மணல்.
சீமைக்கருவேலம்,
லாரிகள் அள்ளிப்போன பள்ளம்,
அதில் படுத்திருந்த இரண்டு எருமை.
நான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்று
மறுபடி, மெதுவாக,
குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்:
நொதி.

ஏசுபாதம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.
"கீழ ஓடுது, வரச் சொல்லு."
முழங்கால் ஆழம் வரை ஒன்றுமில்லை.
பிறகு ஓரம் கறுத்தது.
பிறகு மணல் தானே சரிந்து
உள்ளங்கை அளவுக்கு ஒரு கலங்கல்.
மூன்று பேரும் அது தெளியட்டும் என்று நின்றோம்.
தெளிந்ததும்
முதலில் குடித்துப் பார்த்தார் அவர்.
அப்புறம்தான் கொட்டினார்.

மார்ச் மாதம் தணிக்கைக்கு வந்தவர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்:
"குறிப்புன்னு போட்டு
இரண்டரை அடின்னு எழுதியிருக்கீங்களே,
எரிமேடையில குழி யாருக்கும்மா?"

ஆத்துக்கு சார், என்றேன்.