இயங்குதளம் இல்லாமல் வாங்கியது

விண்டோஸ் இல்லாமல் எடுத்தால்
பதினெட்டாயிரம் குறைவு.
ஆயிரத்தைந்நூறு தந்தால்
நாளைக்கே நம்ம விண்டோஸ் ஒன்று அடித்துத் தருவேன்
என்றான் ஹட்டன் கடைப் பையன்.
நம்மதா அது என்று கேட்டேன்.
சிரித்தான்.
பில்லில் எழுதுவாயா என்றேன்.
அதற்குச் சிரிக்கவில்லை.

சீட்டுக் காசு பாதி, லீசிங் மீதி.
ரெயின்கோட்டுக்குள் வைத்து
டிக்கோயா பஸ்ஸில் நின்றுகொண்டே கொண்டுவந்தேன்.
திறந்தால் கறுப்புத் திரை.
மூலையில் வெள்ளையாய் ஒரு சின்னக் கோடு
மினுக்கி மினுக்கி நின்றது,
பெரட்டுக் களத்தில்
பெயர் கூப்பிடக் காத்திருப்பதுபோல.

எதைப் போடுவது?
ஆர்ச் போடுங்க அக்கா,
ஒவ்வொரு ஆணியும் நீங்களே அடிக்கலாம்
என்கிறான் வெலிமடை ரிஃப்கான்.
தம்பி, எனக்கு நாளைக்கு
நாலு சேமலாப விண்ணப்பம் அடிக்கக் கிடக்கு.
ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுமாம்,
எங்கள் துரைமார்போல.
டெபியன் இலேசில் மாறாதாம்.
நாட்சம்பளம்போல என்று சொல்ல வந்து
நிறுத்திக்கொண்டேன்,
பிடித்துவிடுமோ என்ற பயத்தில்.
மின்ட் என்றால் புதினா. அவ்வளவுதான் தெரியும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்.
இந்த விரல்களுக்குப் பாமினிதான் பாஷை.
எட்டு வருஷம்
ஜெயந்தினி கொமினிகேஷனில்
ஊரார் மனுவெல்லாம் அடித்த விரல்கள்.
எம்மைத் தட்டினால் அ வரவேண்டும்,
ஜேயில் த,
அரைப்புள்ளியில் மெய்யின் புள்ளி.
வராவிட்டால் நான் ஊமை.

இரவுப் பொதி பன்னிரண்டுக்குத் திறக்கும்.
சிக்னல் தண்ணீர்த் தாங்கியடியில் மட்டும்.
போனைப் பொலித்தீனில் சுற்றிக்
குழாய் மேல் வைத்துவிட்டு
குடையோடு நின்றேன்.
வாச்சர் செங்கமலையண்ணன் டோர்ச் அடித்தார்.
யாருக்கும்மா காத்திருக்க?
லினக்ஸுக்கு.
எந்த டிவிஷன் ஆள்?
சொல்லி முடிக்கக் கால்மணி நேரம்.
பிறகு அவரே எண்ணினார்,
அறுபது, அறுபத்தொன்று.
அறுபத்தொன்றில் அறுந்தது.
மூன்று இரவு, மூன்று தளம்,
ஒரே பென்டிரைவ்.

டெபியனுக்கு வைஃபை தெரியவில்லை.
ஃபெடோராவில் எம்மைத் தட்ட எம்மே வந்தது.
அதிலும் வழி இருக்கும், தேடினால்.
எனக்கு விடியற்காலை மூன்றரை.
புதினாவில் பட்டியல் ஒன்றைத் திறந்து
எதையோ தேர்ந்து
எம்மைத் தட்டினேன்.
அ.
இன்னொரு தரம் தட்டினேன்.
அஅ.
திரையில் குழந்தை பேசியதுபோல் கிடந்தது.

நிறுவும்போது கேட்டது:
வேருக்கு எத்தனை ஜிபி, ஹோமுக்கு எத்தனை?
கை அப்படியே நின்றுவிட்டது.
ஏழு பேர்ச் காணி கேட்டு
இந்தக் கையால் அடித்த கடிதங்கள்
நூறு தாண்டும்.
ஒன்றுக்கும் பதில் வந்த ஞாபகமில்லை.
வேருக்கு நாற்பது போட்டேன்.
மிச்சம் முழுவதும் ஹோமுக்கு.
உறுதிப்பத்திரம் கேட்கவில்லை,
கிராம சேவகர் கையெழுத்தும் கேட்கவில்லை.
நிச்சயமா என்று மட்டும் கேட்டது.

காலையில் செங்கமலையண்ணன்
நனைந்த தொப்பியோடு வாசலில்.
வந்துட்டாரா உங்க ஆள்?
வந்துட்டார் அண்ணே.
சத்தம் மட்டும் வரல.
ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார்.
புதுசுதானே, கூச்சமா இருக்கும்
என்றுவிட்டு
தன் மகளின் பிறப்புச் சான்றிதழை நீட்டினார்,
பெயரில் ஓர் எழுத்துப் பிழை,
திருத்தச் சொல்லி ஒரு கடிதம்.