வெள்ளை வான்

மார்க்கம் வீதியில் பஸ்ஸுக்கு நின்றேன்.
மைனஸ் பதினேழு.
வலது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
பெருவிரலால் ஒருமுறை அழுத்தினேன்.
விரல் விறைக்க முதல்
கையுறை திரும்பிவிட்டது.
நான் செய்தது அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வாசலில் வெள்ளை வான்.
உள்ளே ஒருவன், பிள்ளைகளைப் பார்த்தபடி.
உங்கள் பிள்ளையாக இருந்தால்?
கீழே மங்கலாய் ஒரு படம்,
நம்பர் பிளேட் மட்டும் தெளிவு.
மேலே பொடி எழுத்தில்
'பலமுறை அனுப்பப்பட்டது.'
அது எச்சரிக்கையாம்.
இத்தனை பேர் நம்பியிருக்கினம் என்றுதான்
நான் வாசித்தேன்.

மருந்துக்கடையில் வேலை எனக்கு.
ஒரு குளிசை கூடினாலும்
தட்டில் கொட்டித் திரும்ப எண்ணுகிறவள்.

ஆனால் வெள்ளை வான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வெள்ளிக்கிழமை
சேந்தன் பாண் வாங்கப் போனான்.
வான் கதவு இழுபட்ட சத்தம்வரை
கடைக்காரர் சொன்னார்.
அடுத்த கிழமை அவர் அதையும் சொல்லவில்லை.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சீருடை
பேனையை மூடி வைத்துவிட்டு,
அப்படியொரு வானே ஓடுவதில்லை,
வதந்தி தங்கச்சி, வதந்தி
என்றது.

அங்கே உண்மைக்கு வைத்த பெயர் அது.
பதினேழு வருடம் அந்தப் பெயரோடு
சண்டை பிடித்தேன்.
பிறகு இங்கே, ஸ்காபரோவில்,
பொய் அதே வானில் வந்து இறங்கியபோது
ஆரெண்டு கேளாமலே
கதவைத் திறந்துவிட்டேன்.

வானுக்குள் இருந்தவர் அருந்தவநாதன்.
ஹீட்டர் திருத்துகிறவர்.
அந்த வீதியில் அரை மணித்தியாலம்
நிறுத்தக் காசில்லை.
மடியில் ரொட்டி, சம்பல்.
பிள்ளைகளைப் பார்த்தது மெய்தான்.
பனியில் உருளுகிற பிள்ளைகளை
ஆர்தான் பார்க்கமாட்டார்கள்?

பொலிஸ் வந்தது, விசாரித்தது,
கைகொடுத்துவிட்டுப் போனது.
அந்தக் கைகொடுப்பை ஒருவரும் படமெடுக்கவில்லை.
இரவு ஆரோ பக்கக் கண்ணாடியை உடைத்தார்கள்.
மூன்று வீடுகள் வேலையை நிற்பாட்டின.
"பொய்யெண்டு தெரியும் அண்ணை, எண்டாலும்..."

எண்டாலும்.
இந்தச் சொல்லுக்குள்தான் பொய்
வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

'அது பிழையான செய்தி' என்று
நானும் எழுதிப் போட்டேன்.
எழுபத்தொரு பேர் பார்த்தார்கள்.
ஒருவர் கும்பிடும் கை வைத்தார்.
ஒருவரும் அனுப்பவில்லை.
உண்மைக்கும் கால் உண்டு,
அதற்குக் குளிரும்.

மாசி பத்தாம் தேதி இரவு
எங்கள் வீட்டு ஹீட்டர் செத்தது.
அவரைத்தான் கூப்பிட்டேன்.

வான் நீலமாய் வந்தது.
கையால் அடித்த நீலம்,
தூரிகை போன தடம் தெரிகிறது.
கைபிடிக்குக் கீழே திறப்புக் கீறிய இடத்தில்
விரல் நீளத்துக்கு வெள்ளை.

பேஸ்மென்டில் முழங்காலில் இருந்து
எதையோ கழற்றி, ஊதி, திரும்பப் பூட்டினார்.
சுடர் பற்றியது.
முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்:
"எப்ப இருந்து சத்தம் போட்டது?"

"தை மாசத்தில இருந்து."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

ஓம் என்றேன்.
காசை எண்ணினேன்.
திரும்பவும் எண்ணினேன்.