கெபி வளைவில் நாலு கோடு

குன்னூர் ஆஸ்பத்திரியில்
மாத்திரைச் சீட்டோடு சேர்த்து
போனில் ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தார் ஜெசிந்தா சிஸ்டர்.
பெயருக்கு ஐந்தெழுத்துக்கு மேல் இடமில்லை.
அன்றிலிருந்து அதற்கு நான் சந்தனமு.

'சந்தனமு, உன் செடி தாகமாயிருக்கிறது.'
'சந்தனமு, இன்று நீச்சலடித்தால் என்ன?'
கொலக்கம்பையில், ஆடி மாதத்தில், நீச்சல்.

சர்க்கரையை அளந்து எண்ணைப் போட்டால்
திரையில் ஒரு செடிக்குத் தண்ணீர்.
போடாவிட்டால் வாடும்.
முதலில் ஓரம் சுருளும், அப்புறம் காம்பு தொங்கும்.
வரைந்தவன் இலையை நன்றாகத்தான் பார்த்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பத்தொன்பது வருடமாய்
தேயிலை ஃபேக்டரி மேல்மாடியில்
இலை வாட்டுகிறவன் நான்.
ராத்திரி முழுக்கக் காற்று விட்டு
காம்பு ஒடியாமல் வளைகிற பதம் வரைக்கும்
டன் டன்னாய் வாட வைப்பதற்குத்தான் சம்பளம்.
ஆனாலும் அந்த ஒற்றைச் செடி தலை சாய்ந்தால்
சோறு இறங்கவில்லை.

எங்கள் லயத்தில் அப்போது சிக்னல் கிடையாது.
கெபி வளைவில்தான் நாலு கோடு.
சில்வர் ஓக்குகளுக்கு நடுவே
முக்கால் மணி நேர ஏற்றம்.
எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு
ஷிப்ட் முடிந்து ஏறுவேன்,
மழையில் அட்டைக்கு உப்புப் பொட்டலத்தோடு,
மார்கழியில் மப்ளருக்குள் மூச்சை அடக்கி.

ஹட்டியிலிருந்து பெள்ளன் முன்பே வந்திருப்பார்,
மேட்டுப்பாளையம் மண்டியில்
கேரட் என்ன விலை என்று
போனை வானத்துக்குக் காட்டியபடி.
திருப்பூரில் இருக்கும் மகளைத்
திட்டித் திட்டி அழுதுகொண்டிருப்பாள் விமலகாந்தி.
நான் ஒதுங்கி நின்று தண்ணீர் ஊற்றுவேன்.
'இன்னிக்கு என்ன முளைச்சிருக்கு?' என்பார் பெள்ளன்.
மொட்டைக் காட்டுவேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்ப்பார்,
தன் பாத்தியில் முளைத்ததைப் போல.

இருநூற்று நாற்பது. இருநூற்றுப் பத்து.
நூற்று எழுபது. நூற்று முப்பத்தெட்டு.
'பாத்தீங்களா, ஆப் வேலை செய்யுது' என்றார் சிஸ்டர்.
நானும் அப்படித்தான் நம்பினேன்.

தை மாதம் ஃபேக்டரிக்குப் பின்னால் டவர் வந்தது.
கம்பளிக்குள் படுத்தபடியே தண்ணீர்.
ஒரு நாள் தவறவில்லை.
செடி மரமானது, மரத்தில் குருவி உட்கார்ந்தது.
நூறாவது நாள் திரை முழுக்க வாணவேடிக்கை:
'அபாரம், சந்தனமு!'
அன்று நான் போட்ட எண் இருநூற்றுப் பதினாறு.

எண்ணை அது படிக்கவேயில்லை.
காலையில் மஸ்டர் எடுக்கிற கணக்கப்பிள்ளை மாதிரி
ஆள் வந்தானா என்று மட்டும் பார்த்தது.

நேற்று போனைத் தலையணைக்கு அடியில் விட்டுவிட்டு
வளைவுக்கு ஏறினேன்.
இரண்டு இடத்தில் மூச்சு உட்காரச் சொன்னது.
மாதாவுக்கு முன்னால் மெழுகுவர்த்தி அணைந்து கிடந்தது.
பெள்ளன் நின்றிருந்தார்,
இரண்டு கையும் ஸ்வெட்டர் பைக்குள்.

'லயத்துல இப்ப சிக்னல் வருதில்ல?'
'வருது. உங்க ஹட்டியில?'
'வருது.'

கீழே தேயிலைச் சரிவில்
காட்டெருமை ஒன்று பாத்தி தாண்டி நடந்தது.
மூடுபனிக்குள் போய்
மறுபக்கம் அது வெளியே வரும்வரை நின்றோம்.
விமலகாந்தி வரவில்லை.
கேரட் விலையை அவர் சொல்லவுமில்லை.

இந்நேரம் தலையணைக்கு அடியில்
ஓரம் சுருளத் தொடங்கியிருக்கும்.
காம்பு தொங்க இன்னும் நேரமிருக்கிறது,
பதம் எனக்குத் தெரியாதா.