எட்டா, ஒன்பதா

மஞ்சக்குட்டை தாண்டி
மிளகுக்கொடியோடு சாய்ந்து கிடந்த சில்வர் ஓக்கில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காளான்.
பலகை மாதிரி காய்ந்தது.
தட்டினேன். ரவை கொட்டியது.
ரவையில் பாதி நடந்தது.

பையைப் பிரித்துப் பிடித்த தீர்த்தகிரி
"எல்லாம் ஒண்ணுதானே" என்றான்.
"தெரியல" என்றேன்.
மூன்று வருடமாக
அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அஸ்தம்பட்டியில் வாடகை அறை.
ஜன்னலைச் சாத்தி விசிறியை நிறுத்த வேண்டும்;
ஓடினால் வண்டுகள் பறந்துவிடும்,
செத்த பிறகும்.
மே மாதச் சேலம்
மூக்கு நுனியில் சொட்டாகத் தொங்கி
நுண்ணோக்கியைக் குறிபார்க்கிறது.
ஒன்றரை மில்லிமீட்டர் உடம்பு.
நெற்றியில் கொம்புள்ள ஆண்கள் ஒரு டப்பா.
கொம்பில்லாத ஆண்கள் ஒரு டப்பா.
பெண்கள், எப்போதும்போல், பிறகு.
போன வருடம் அப்படித்தான் பிரித்தேன்.
இரண்டு பெயர்கூட யோசித்தாயிற்று,
ஒன்றில் மலையின் பெயர் வரும்படி.

பிறகு காரத்தில் ஊறவைத்து
ஊசி முனையால் வயிற்றைத் திறந்து
தூசிக்குள் தூசியான குறியை
கிளிசரின் சொட்டில் மிதக்கவிட்டால்
கொம்பனும் மொட்டையனும் ஒரே அச்சு.
திறந்த ஆறும் அப்படித்தான்.
நன்றாகத் தின்று வளர்ந்தவனுக்குக் கொம்பு.
காளானின் வறண்ட ஓரத்தில் பிறந்தவனுக்கு
நெற்றியில் கொம்பைப் பற்றிய
ஒரு சந்தேகம் மட்டும்.
வெட்கமாக இருந்தது.
பசியை நான் இனம் என்று எழுதி வைத்திருந்தேன்.

இன்றைக்குத்தான் பெண்களின் புட்டியைத் திறந்தேன்.
உணர்கொம்பில் கணுக்களை எண்ணினேன்.
எட்டு.
அடுத்தவளுக்கு ஒன்பது.
கரண்ட் போனது.
போன் வெளிச்சத்தில் மறுபடி
எட்டு. ஒன்பது. ஒன்பது. எட்டு.
ஒரே காளானில் ஒண்டுக்குடித்தனம்,
சுவர் பொது, இருட்டு பொது,
கல்யாணம் மட்டும் கலக்காமல் இரண்டு வம்சம்.
வாசனையிலோ எதிலோ
அவற்றுக்கு எப்போதோ தெரியும்.
எனக்குத்தான் ஒரு கணு தேவைப்பட்டது.

கையிலிருந்த வெளிச்சம் அதிர்ந்தது.
தீர்த்தகிரி. சான்றிதழுக்காக
காலையிலேயே கீழே இறங்கியவன்.
"மலையாளின்னு எழுதினா
பாலக்காடாங்கறாரு புது கிளார்க்கு.
இருபது வளைவுக்கு மேலங்கறேன்.
தமிழ் நல்லா பேசறியேங்கறாரு.
நாளைக்கு வரணுமாம்."

வண்டு உவமை நாக்கு வரை வந்தது.
விழுங்கிவிட்டேன்.
மனுவில் எந்த வரியில் என்ன எழுதினான் என்று கேட்டேன்.
நாளை நானும் வருகிறேன் என்றேன்.
"அந்தப் பூச்சி?" என்றான்.
"ரெண்டு" என்றேன்.
"கொம்பு வச்சதும் வைக்காததும்தானே?"
"இல்ல. அது ஒண்ணு."
சிறிது நேரம் போனில் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல் மட்டும்.

கரண்ட் வந்தது.
சீட்டில் எழுதினேன்:
சேர்வராயன் மலை, மஞ்சக்குட்டை,
விழுந்த சில்வர் ஓக், காய்ந்த காளான்,
சேகரித்தவர் தீர்த்தகிரி.
இனம் என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு.
திறக்காத ஆண்கள் இன்னும் நாற்பது.

ஒருத்தி இருக்கிறாள்,
நாலாவது கணுவும் ஐந்தாவதும்
ஒட்டியும் ஒட்டாமலும்;
எட்டரை என்று சத்தியம் செய்யலாம்.
அவளைத் தனிப் புட்டியில் வைத்திருக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை கல்லூரியில்
நல்ல லென்ஸ் காலியாக இருக்கும்.